உங்கள் புதிய கால அட்டவணை பற்றி: முதியோர் இல்ல நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் முதல் தேதி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இரண்டு தடவை நேரில் வந்து பேசினேன். ஒரு தடவை பதிவுத் தபாலில் எழுதினேன். "எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்தால்தான் பாரபட்சம் வராது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால்தான் இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். இல்லத்தின் பெயரைப் போடவில்லை. உங்கள் மானத்தை வாங்குவது என் நோக்கமில்லை. தவிர, இதே போன்ற அட்டவணை வேறு ஊர்களிலும் நடக்கிறது என்று மற்ற குடும்பத்தார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நிர்வாகங்களும் படிக்கட்டும்.

சுற்றறிக்கையில் இருப்பது இது. மூன்றாம் தளத்தில், அதாவது மறதிநோய் முற்றியவர்கள் இருக்கும் தளத்தில், காலை ஐந்து மணிக்குள் எல்லாருக்கும் குளியல் முடிய வேண்டும். ஏழரைக்குச் சாப்பாடு. ஆளுக்கு 15 நிமிடம். அதற்கு மேல் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், அதாவது வயிற்றுக்குள் உணவு செலுத்தும் குழாய். டயப்பர் மாற்றுவது நாளைக்கு மூன்று வேளை, குறித்த நேரத்தில். இரவு எட்டு மணிக்கு விளக்கணைப்பு. "கையை வைத்துக்கொண்டு சும்மா இராதவர்களுக்கு" கையுறை அல்லது கட்டு. பணியாளர்கள் வாரம் ஒருமுறை தளம் மாறுவார்கள், "யாரும் யாரோடும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க."

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். விதி போட்டுத் தடுக்கும் அளவுக்கு அங்கே என்ன ஒட்டுதல் நடந்துவிட்டது? எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. பகல் ஷிப்டில் இருந்த ஒரு பெண்ணின் குரல் கேட்டால் என் அம்மா தலையைத் திருப்புவாள். பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் அந்தக் குரல் தெரியும். ஒன்பது வருட நோயில், மகளான என்னையே மறந்த பிறகு, அம்மா புதிதாகச் சம்பாதித்த ஒரே சொந்தம் அது. அந்தப் பெண்ணை நீங்கள் முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டீர்கள்.

அவள் செய்ததைச் சொல்கிறேன். மூன்றாம் தளத்தில் எல்லாரையும் "ஆச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையாகத்தான். அம்மா திரும்பிப் பார்க்கவே மாட்டாள். காது கேட்கவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். இந்தப் பெண் ஒருநாள் வாய்தவறி "யக்கா, கையைத் தூக்குங்க" என்றிருக்கிறாள். அம்மா கையைத் தூக்கினாள். அம்மாவின் கணக்கில் தனக்கு வயது முப்பதோ முப்பத்தைந்தோ. முப்பது வயதுக்காரியைப் பார்த்து ஆச்சி என்றால் யார் திரும்புவார்கள்? பக்கத்தில் யாரோ கிழவி இருக்கிறாள் போல என்று சும்மா இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து "யக்கா"தான். காதில் ஒரு கோளாறும் இல்லை.

இது எந்தப் படிப்பிலும் வராது, எந்த அட்டவணையிலும் அடங்காது. ஒரே ஆளோடு கொஞ்சநாள் இருந்தால் மட்டும் கிடைக்கும். வாரம் ஒருமுறை ஆளை மாற்றினால், திங்கட்கிழமைதோறும் என் அம்மா செவிடாகிவிடுவாள்.

அம்மாவுக்கு 79 வயது. இப்போது நாலைந்து சொல் பேசுவாள், அதுவும் எல்லா நாளும் இல்லை. நடை நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. பிடித்து உட்கார வைத்தால் உட்காருவாள். உங்கள் பதிவேட்டில் இவ்வளவும் இருக்கிறது. இல்லாதது இனிமேல் சொல்லப் போவது.

அம்மா திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல்காரி. பத்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள் அறுபது தாண்டித்தான் சுளவை, அதாவது முறத்தை, கீழே வைத்தாள். அப்பா இல்லாத வீட்டில் நாங்கள் மூன்று பேர் சாப்பிட்டதும் படித்ததும் அந்தப் பீடியில்தான். கடையில் போய் இலையும் தூளும் வாங்கி வருவாள். ராத்திரி இலையை நனைத்து வைப்பாள். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஒரு பங்கு முடித்துவிடுவாள். நாளைக்கு ஆயிரம் பீடி. இடது கையில் இலை, வலது கையில் ஒரு சிட்டிகை தூள், ஒரு உருட்டு, முனையில் ஒரு மடக்கு, நூலில் இரண்டு சுற்று. நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அதைச் செய்துகொண்டிருப்பாள், திரும்பி வரும்போதும் அதையேதான்.

இப்போது உங்கள் ரிப்போர்ட் நோட்டைப் பாருங்கள். "டயப்பரைப் பிய்க்கிறார்." "விரிப்பைச் சுருட்டி இழுக்கிறார்." "கை கட்டப்பட்டது." ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கையை உட்கார்ந்து பார்த்தேன். விரிப்பின் ஓரத்தை இடது கை பிடிக்கிறது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு உருட்டு உருட்டுகின்றன. நகத்தால் முனையை மடக்குகிறாள். இல்லாத நூலை இரண்டு சுற்று சுற்றி, சுற்றியதை வலப்பக்கம் ஒதுக்கி வைக்கிறாள். அடுத்த ஓரத்துக்குக் கை போகிறது. டயப்பரின் ஓரமும் அவளுக்கு இலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன், அது வேறு விஷயம்.

அடுத்த வாரம் வீட்டிலிருந்த பழைய சுளவைக் கொண்டுவந்தேன். பழுப்புநிறப் பருத்தித் துணியை இலை அளவுக்கு வெட்டி அதில் போட்டேன். நூல் வைக்கவில்லை, வாயில் போட்டுக்கொள்வாள். அந்தப் பெண் சுளவை மடியில் வைத்ததும் அம்மா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். விரிப்பை இழுக்கவில்லை, கத்தவில்லை. அதன் பிறகு நான் வந்த மூன்று வாரமும் அவள் மணிக்கட்டில் கட்டின் தடம் இல்லை. சுற்றறிக்கை வந்த மறுநாள் சுளவு வாட்ச்மேன் அறையில் கிடந்தது. "தளத்தில் தேவையில்லாத சாமான்" என்று சீட்டு ஒட்டியிருந்தது. இப்போது மறுபடியும் கையில் கட்டு.

நாலு மணிக்கு விழிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடம் நாலு மணிக்கு எழுந்த உடம்பு இன்னும் நாலு மணிக்குத்தான் எழுகிறது. உங்கள் இரவு ஷிப்டுக்கு அது தொந்தரவு; அதனால் ராத்திரி குவெட்டியாபின் மாத்திரை, மனநோய்க்குக் கொடுப்பது. இந்த வகை மாத்திரைகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005லேயே எச்சரித்துவிட்டது. சில பேருக்கு, சில நாளைக்கு, வேறு வழியே இல்லாமல் டாக்டர் எழுதுவார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் அம்மாவுக்கு இருப்பது தூக்கக் கோளாறே இல்லையே. அவள் வேலைக்கு எழுந்திருக்கிறாள். உட்காரவைத்து ஒரு வாய் காப்பி கொடுத்தால் முடிந்தது. அந்த மாத்திரையை ஆரம்பித்த பிறகு பகல் முழுக்கத் தலை தொங்கிக் கிடக்கிறாள், வாயில் வைத்த சோறு அப்படியே இருக்கிறது. அப்புறம் "சாப்பிட அதிக நேரம் எடுக்கிறார், டியூப் போடலாம்" என்று எனக்கு போன் வருகிறது.

குளியலுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

ஐந்து மணிக்குள் அத்தனை பேரையும் முடிக்க வேண்டும் என்றால் என்ன நடக்கும்? சக்கர நாற்காலியில் வரிசையாக நிறுத்தி, உடுப்பைக் கழற்றி, தண்ணீர் டியூபைத் தலையில் பிடிப்பார்கள். நடக்கிறது. நான் பார்த்தேன். அம்மா அலறினாள், தண்ணீர் ஊற்றியவரின் கையைக் கடித்தாள். நோட்டில் "வயலண்ட்" என்று ஏறியது. என் அம்மா வாழ்நாளில் வெட்டவெளியில் உடுப்பில்லாமல் நின்றதில்லை. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள். ஊர்ப் பெண்கள் எல்லாரையும் போல பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் ஆற்றில் இறங்குவாள். முதலில் கால், அப்புறம் முட்டு, இடுப்பு, கடைசியில் தலை. திடீரென்று யாரோ தெரியாத ஆள் துணியை உருவி, தலையில் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கடிப்போம்.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து ஒருநாள் பதினொரு மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, செய்து பார்த்தோம். மார்புவரை பாவாடை கட்டினோம். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பில் எடுத்து பாதத்தில் ஊற்றினோம். ஒவ்வொரு சொம்புக்கும் முன்னால் "யக்கா, தண்ணி ஊத்துறேன்" என்று சொன்னாள். முழங்கால் வந்ததும் அம்மா தானே குனிந்து காலைத் தேய்த்தாள். தலைக்கு ஊற்றவில்லை, ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். மொத்தம் 25 நிமிடம் ஆனது. உங்கள் வழியில் 10 நிமிடம், ஆனால் மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எதில் ஆள் மிச்சம் என்று.

இதை நான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. என் மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். 2004ல் அமெரிக்க முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வு ஒன்றை அவள்தான் எடுத்துக் காட்டினாள். அவரவர் வசதிக்கு ஏற்றபடி குளிப்பாட்டியபோதும், படுக்கையிலேயே வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டபோதும் அடிதடி, கடி எல்லாம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அவள் பாடத்தில் டாம் கிட்வுட் என்றொரு பெயரும் வருகிறது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1998ல் இறந்தவர். கெட்ட எண்ணமே இல்லாத பணியாளர்கள்கூட மறதிநோயாளிகளை எப்படியெல்லாம் நோகடிக்கிறார்கள் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். குழந்தையைப் போல நடத்துவது, அவர் அங்கே இல்லாதது போல அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொள்வது, அவருக்குப் புரியும் வேகத்தைவிட வேகமாகச் செய்துகொண்டே போவது. உங்கள் அட்டவணை அந்த மூன்றாவதை விதியாகவே ஆக்கிவிட்டது.

சாப்பாட்டுக்கு 15 நிமிடம் என்றீர்கள். அம்மாவுக்கு 40 நிமிடம் ஆகும். சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். வெறும் ஸ்பூனால் கீழுதட்டைத் தொட்டால் விழுங்குவாள். இந்த நோய் முற்றினால் இனிப்புதான் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அம்மா நேர்மாறு. நீங்கள் கரைத்துக் கொடுக்கும் வெனிலா சத்து மாவைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். குழைத்த சோற்றில் புளிரசம் ஊற்றினால் வாய் தானாகத் திறக்கும். நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் படுக்கப்போடக் கூடாது. நான் சொல்லிக்கொடுத்தால் யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். குழாய் போட்டால் நிமோனியா வராது, ஆயுசு கூடும் என்றார் உங்கள் மேலாளர். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014ல் வெளியிட்ட நிலைப்பாடு வேறு மாதிரி சொல்கிறது: முற்றிய மறதிநோயில் குழாய் பரிந்துரைக்கத் தக்கதில்லை, கவனமாகக் கையால் ஊட்டுவது இறப்பிலும் சரி, நிமோனியாவிலும் சரி, குறைந்ததில்லை, குழாய் போட்டவர்களுக்கு அமைதியின்மையும் கட்டிப்போடுவதும் படுக்கைப்புண்ணும் கூடுகின்றன. சரி, ஆய்வை விடுங்கள். குழாயைப் பிடுங்கக் கூடாது என்று கையைக் கட்டுவீர்கள். அந்தக் கை சுற்றப் போகும் பீடியை அப்புறம் யார் சுற்றுவது?

டயப்பர் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நனைந்தால் மாற்ற வேண்டும். மணி பார்த்து யாருக்கும் நனைவதில்லை.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசி மாதம் ஒன்பது நாள் அம்மா முனகிக்கொண்டே இருந்திருக்கிறாள். நோட்டில் ஒன்பது நாளும் "சத்தம் போடுகிறார்", மூன்றாம் நாளிலிருந்து கூடுதல் மாத்திரை. பத்தாம் நாள் நான் வந்தேன். சோறு ஊட்டும்போது வலது பக்கம் ஸ்பூன் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். டார்ச் அடித்துப் பார்த்தால் கடைவாய்ப் பல் உடைந்து, வேர் மட்டும் நின்று, ஈறு வீங்கியிருந்தது. ஒன்பது நாளில் ஒருவரும் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பேச முடியாதவர்களின் வலியைக் கண்டுபிடிக்க பெய்னாட் என்று ஒரு அளவுகோல் 2003லிருந்தே இருக்கிறது. மூச்சு எப்படி, முனகல் உண்டா, முகம் எப்படி, உடம்பு இறுகியிருக்கிறதா, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 மதிப்பெண், மொத்தம் 10. ஐந்து நிமிடம் அருகில் நின்று பார்த்தால் போதும், செலவே இல்லை. ஆனால் வழக்கமான முனகல் எது, புது முனகல் எது என்று தெரிந்த ஆள் வேண்டும். வாராவாரம் வரும் புது ஆளுக்கு எல்லா முனகலும் ஒன்றுதான்.

நான் ஒன்றும் யோக்கியமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் சேர்ப்பதற்கு முன் இரண்டு ராத்திரி அம்மாவைப் பழைய சேலையால் கட்டிலோடு கட்டிவிட்டு நான் தூங்கியிருக்கிறேன். மூன்று நாள் தூங்காமல் இருந்த பிறகு. அதனால் ராத்திரி பத்துப் பேருக்கு ஒருவராக நிற்கும் உங்கள் பணியாளர் ஏன் கட்டுகிறார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் செய்தது முடியாமல் செய்த தப்பு. நீங்கள் அதை அச்சடித்து விதியாக்கியிருக்கிறீர்கள்.

விதி என்று வந்த பிறகு சட்டத்தையும் பேச வேண்டியதுதான். 26 வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள் நான். பிரிவு எண்ணைக் கண்டால் படிக்காமல் விட மாட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 97. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் ஒருவரைக் கட்டலாம். தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறை கட்டியதையும் 24 மணி நேரத்துக்குள் அவருடைய பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "நாங்கள் முதியோர் இல்லம், அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று உங்கள் மேலாளர் சொன்னார். அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் வருகிறது, அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடமும் வருகிறது. உங்கள் பெயர்ப் பலகையிலோ "டிமென்ஷியா சிறப்புப் பராமரிப்பு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மாதம் 28,000 ரூபாய் வாங்கும்போது சிறப்புப் பராமரிப்பு, சட்டம் என்றதும் வெறும் முதியோர் இல்லமா?

இது என் ஒருத்தியின் பாடு என்று நினைத்துவிடாதீர்கள். 2023ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருக்கிறது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். உங்களைப் போன்ற இல்லங்கள் இன்னும் வரும், உங்களைப் பார்த்துத்தான் அட்டவணை போடுவார்கள்.

உங்கள் பக்கத்துக் கஷ்டத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்கிறபடி செய்ய ஆள் கூடுதலாக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். மாதக் கட்டணத்தில் 2,000 ரூபாய் கூட்டுங்கள், நான் தருகிறேன். என்னோடு பேசிய நான்கு குடும்பங்களும் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. அந்தப் பணம் பணியாளர் சம்பளத்துக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினால் போதும்.

என் கோரிக்கைகள் இவை. முதல் தேதி சுற்றறிக்கையை மூன்றாம் தளத்துக்கு உடனே திரும்பப் பெறுங்கள். கட்டும் கையுறையும் இன்றே நிற்க வேண்டும். தவிர்க்க முடியாமல் கட்டினால் மருத்துவர் கையெழுத்தும் நேரமும் காரணமும் நோட்டில் இருக்க வேண்டும், அன்றே எனக்கு போன் வர வேண்டும். மூன்றாம் தளத்தில் ஒவ்வொருவருக்கும் பகலில் ஒருவர், ராத்திரி ஒருவர் என்று நிலையான ஆட்களைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒதுக்குங்கள். முதல் தளத்துக்கு அனுப்பிய அந்தப் பெண்ணை, அவளுக்குச் சம்மதமானால், திரும்பக் கொண்டுவாருங்கள். இந்தக் கடிதத்துக்காக அவளைக் கேள்வி கேட்கக் கூடாது, எழுதியது முழுக்க நான்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பக்கம் மாட்டி வையுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும், எப்போது விழிப்பார், எப்படிக் குளிப்பார், எதைச் சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், என்ன வேலை பார்த்தவர். பிரிட்டனில் அல்சைமர் சொசைட்டி இப்படி ஒரு படிவத்தை அச்சடித்தே கொடுக்கிறது. நம் ஊருக்கு நானும் மகளும் சேர்ந்து தமிழில் ஒன்று தயார் செய்து தருகிறோம். குடும்பமே இல்லாதவர்கள் நான்கு பேர் அந்தத் தளத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கான பக்கத்தை, அருகில் உட்கார்ந்து பார்த்து, நீங்கள்தான் நிரப்ப வேண்டும். வலி அளவுகோலைத் தினமும் ஒரு முறை போடச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். யாருக்குக் குழாய் போடுவதானாலும், ராத்திரி மாத்திரை தொடங்குவதானாலும், குடும்பத்தாரோடும் மருத்துவரோடும் உட்கார்ந்து பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே செய்ய வேண்டும். அம்மாவின் குவெட்டியாபினைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவரோடு பேச எனக்கு இந்த வாரமே நேரம் வாங்கித் தாருங்கள்.

வரும் 30ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே கடிதம், உங்கள் சுற்றறிக்கையின் நகலோடும் மணிக்கட்டுப் படங்களோடும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவேன். கையில் சுளவும், புதிதாக வெட்டிய ஒரு பை துணி இலையும் இருக்கும். வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள், உள்ளே விடட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் தளம், ஆறாம் கட்டிலில் இருப்பவரின் மகள்